மழை லீவில் கலர் கலராக ஒரு குயில்ட் பை: பழைய கால் மெஷினில் தைக்க வருமா?

தண்டையார்பேட்டையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். மாமியாரின் பழைய கால் மெஷினில் மெத்தென்ற குயில்ட் பை, அதாவது இரண்டு துணிக்கு நடுவே மெத்தை மாதிரி ஓர் அடுக்கு வைத்துச் சேர்த்துத் தைத்த பை, தைக்க வருமா, உள்ளே ஸ்பாஞ்ச் வைக்கலாமா, வீட்டில் சேர்ந்து கிடக்கும் ஜாக்கெட் பிட்டும் லுங்கித் துணியும் அதற்குப் போதுமா. அவசரமில்லாமல் மழை நாட்களில் உட்கார்ந்து தைத்து, பொங்கலுக்கு நாத்தனார் பெண்ணிடம் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் இது மூன்றும் ஒரே கேள்விதான்: எவ்வளவு கனம் வரை போகலாம்? மெஷின் தாங்குகிற கனத்தை முதலில் தெரிந்துகொண்டால் உள்ளே என்ன வைப்பது, எந்தத் துணி எடுப்பது என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும். இணையத்தில் படம் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு ஆரம்பிக்கிறவர்கள் பாதியில் விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் கம்பெனியில் சாம்பிள் டெய்லராக வேலை பார்த்துவிட்டு, இப்போது ராயபுரத்தில் வீட்டிலேயே பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். குயில்டிங்கைத் தனியாக எங்கும் படித்ததில்லை. பைகள் தைத்துப் பழக்கம் உண்டு. உங்கள் மெஷினைத் தொட்டுப் பார்க்காமல் சொல்வதால், மெஷின் பற்றிச் சொல்வதை மட்டும் ஒரு துண்டுத் துணியில் சோதித்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

கால் மெஷின் இந்த வேலைக்குக் குறைச்சலானது இல்லை, சில விதத்தில் வசதிகூட. கனமான இடத்தில் காலை எடுத்துவிட்டு வலது கையால் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாக ஏற்றலாம். மோட்டார் மெஷினில் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்த நிதானம் வராது. ஐப்பசி மழையில் கரண்ட் போனாலும் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு வேலையைத் தொடரலாம். ஆனால் மழைக்காலத்தில் கால் மெஷினுக்கு ஒரு தொல்லை உண்டு. ஈரக்காற்றில் தோல் பெல்ட் நீண்டுபோகும். மிதித்தால் கீழ்ச் சக்கரம் மட்டும் சுற்றும், மேலே ஊசி நகராது. மெஷின் பழுது என்று மெக்கானிக்கைத் தேடாதீர்கள். பெல்ட்டின் கம்பிக் கொக்கியைக் கழற்றி, அரை இன்ச் வெட்டிவிட்டு, புது ஓட்டை போட்டு மாட்டினால் சரியாகிவிடும். எண்ணெய் போடுவதென்றால் மெஷின் ஆயில் மட்டும்தான். தேங்காய் எண்ணெய் போட்டால் நாளாக ஆகப் பிசினாகி இறுக்கிவிடும். எண்ணெய் விட்டதும் கந்தல் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் கறை உங்கள் நல்ல துணியில்தான் விழும்.

ஊசியைக் கட்டாயம் மாற்றுங்கள். வீட்டு மெஷின்களுக்கு ஒரு பக்கம் தட்டையான தண்டுள்ள ஊசி, பவர் மெஷின் ஊசி முழு உருண்டை. கடையில் கேட்கும்போது 'வீட்டு மெஷின் ஊசி, 14ஆம் நம்பர்' என்று சொன்னால் போதும். கைப்பிடி தைக்கும்போது மட்டும் 16ஆம் நம்பர். தையல் விட்டு விட்டு விழுந்தால் பத்தில் ஒன்பது முறை காரணம் மொண்ணை ஊசி அல்லது திருப்பி மாட்டிய ஊசிதான். நூல் ஸ்பன் பாலியஸ்டர் எடுங்கள். பழைய டப்பாவில் கிடக்கும் காட்டன் நூல்கண்டு நாள்பட்டிருந்தால் வேண்டாம். கையில் ஒரு முழம் இழுத்துச் சுண்டிப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் குப்பைக்குத்தான்.

இனி உள்ளே என்ன வைப்பது. ஸ்பாஞ்ச் வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. 5 மில்லிமீட்டர் ஷீட் வைத்தால் பை நிமிர்ந்து நிற்கும், போட்டோவில் அழகாக இருக்கும், அது உண்மைதான். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வடசென்னையின் கடற்காற்றில் சுலபமாகக் காயாது. நாள்பட்டால் மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிரும். பாலியூரித்தேன் ஸ்பாஞ்சுக்கு ஈரப்பதமும் வெயிலும் ஆகாது. அதோடு மெஷின் பாதத்துக்கு அடியில் ரப்பர் மாதிரி பிடித்துக்கொண்டு நகராது. அதற்குப் பதில் பாலியஸ்டர் வாடிங் (பஞ்சு விரிப்பு மாதிரி இருக்கும்) வாங்குங்கள். மெத்தை, சோபா சாமான் விற்கும் கடைகளில் ரோலாக வைத்திருப்பார்கள், மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். 100 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வரை போதும். எண்ணை நம்பாமல் விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்குங்கள். நன்றாக அமுங்கி மெல்லியதாக வந்தால் உங்கள் மெஷினுக்குச் சரி. அமுக்கினாலும் தடித்து நின்றால் அது ரஜாய் போர்வைக்கு, பைக்கு இல்லை. வாடிங்கின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும்.

காசு செலவு வேண்டாம் என்றால் பழைய காட்டன் புடவையை இரண்டு மூன்று மடிப்பாக வைக்கலாம். வங்காளத்துக் காந்தா வேலையில் அப்படித்தான், பஞ்சே கிடையாது. பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டே கனத்தைக் கொண்டுவருகிறார்கள். பை சற்றுத் தளர்வாக இருக்கும், மெத்தென்று இருக்காது. பலர் பழைய டர்க்கி டவலை வைக்கச் சொல்வார்கள். அது டிபன் டப்பா வைக்கிற பைக்கு நல்லது. தோளில் மாட்டுகிற பைக்கு நான் சொல்ல மாட்டேன். தையல் சேரும் இடத்தில் கல் போல ஆகிவிடும், ஒரு தூறலில் நனைந்தால் இரண்டு நாள் காயாது.

மூன்றாவது ஓர் அடுக்கும் வேண்டும், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே கலர் துணி, நடுவில் வாடிங், அடியில் மெல்லிய காட்டன். அடித்துணி இல்லாமல் வாடிங்கை அப்படியே மெஷினில் விட்டால் துணியை நகர்த்தும் அடிப் பல் அதைக் கவ்விப் பிய்த்து, இழை இழையாகப் பாபின் கேஸுக்குள் இழுத்துப் போட்டுவிடும். பழைய வேட்டி இதற்கு முதல் தரம். எப்படியும் உள்ளே லைனிங் வரப்போகிறது, அதனால் வேட்டியில் மஞ்சள் கறை இருந்தாலும் யார் கண்ணிலும் படாது.

துணி விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது போதும், ஆனால் எல்லாவற்றையும் கலக்காதீர்கள். நவராத்திரியில் வெற்றிலைப் பாக்கோடு வரும் ஜாக்கெட் பிட்டுகளில் பாதி பாலியஸ்டர் கலந்த மெல்லிய துணி. தண்ணீர் மாதிரி வழுக்கும், ஓரம் சட்டென்று நூல் பிரியும். அதில் காட்டனைத் தனியாகப் பொறுக்குங்கள். ஓர் இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டினால் காட்டன் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி முனையில் கறுப்பாக உருண்டு கெட்டியாகும். லுங்கித் துணி நல்ல தேர்வு. கட்டம் போட்ட துணியில் கோடு வரையவே வேண்டாம், நெசவுக் கோட்டைப் பிடித்தே நேராக வெட்டலாம், தைக்கலாம். இரண்டு கட்டத் துணி, இரண்டு மூன்று பிளைன், ஒரே ஒரு பூப்போட்டது என்று வைத்துக்கொண்டால் கலர் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் கண்ணை உறுத்தாது. இது என் ரசனை, சட்டம் இல்லை. இன்னும் துணி வேண்டுமென்றால் தீபாவளி முடிந்த வாரத்தில் தெரிந்த டெய்லர் கடையில் கேளுங்கள். மூட்டை மூட்டையாக வெட்டுத் துண்டு கிடக்கும், அவர்களுக்கும் பேச நேரம் இருக்கும். தீபாவளிக்கு முன்னால் போனால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் கட் பீஸ் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கமே கிடைக்கும். லைனிங் துணிக்கு குடோன் தெரு போகலாம். அங்கே மொத்த வியாபாரம் என்பதால் முக்கால் மீட்டர் கேட்டால் சில கடைகளில் கையை விரிப்பார்கள், கோபித்துக்கொள்ளாமல் பக்கத்துக் கடையைப் பாருங்கள். ஜிப், நாடா, காந்த பட்டன் போன்ற தையல் சாமான்களுக்கு சவுகார்பேட்டை பக்கம். மழை வலுப்பதற்குள் ஒரே நடையாகப் போய் வந்துவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் அந்தத் தெருக்களில் பை தூக்கிக்கொண்டு நடப்பது கஷ்டம்.

எந்தத் துணியையும் நனைக்காமல் வெட்டாதீர்கள். காட்டன் சுருங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் பட்டைக்குப் பட்டை இழுத்துக்கொண்டு பையே கோணலாகும். சிவப்பு, கருநீலம், மெரூன் மூன்றையும் தனித்தனி மக்கில் அரை மணி ஊறவைத்து, பிழியாமல் எடுத்து ஈரத்தோடு வெள்ளைக் கர்ச்சீப்பில் அழுத்துங்கள். கறை படிந்தால் மறுபடி அலசுங்கள். மூன்று நான்கு தடவைக்குப் பிறகும் படிந்தால் அந்தத் துணியை இந்தப் பைக்கு எடுக்காதீர்கள். உப்பு போட்டால், வினிகர் ஊற்றினால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். காட்டனில் அதற்குப் பலன் இல்லை. உப்பு சாயம் ஏற்றும்போது உதவுவது, ஏறிய பிறகு பிடித்துவைக்காது. வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற அமிலச் சாயங்களுக்கானது. 1960களில் அமெரிக்காவில் நம் மெட்ராஸ் செக் துணியை, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரம் போட்டு விற்றார்கள். சட்டைக்கு அந்தப் பெருமை சரி. வெள்ளைச் சுடிதாரில் உரசப்போகிற பைக்குச் சரிவராது.

அளவு சொல்கிறேன். அடிப்பாகம் 12 இன்ச் நீளம், 4 இன்ச் அகலம், உயரம் 12 இன்ச். நோட்டு, தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் போகும். இதற்கு வெளித்துணியில் 17க்கு 15 இன்ச் பலகை (பையின் முன்பக்கத் துண்டும் பின்பக்கத் துண்டும்) இரண்டு, லைனிங்கிலும் அதே அளவில் இரண்டு. தையலுக்கு அரை இன்ச் இதிலேயே சேர்த்திருக்கிறேன். ஆனால் குயில்ட் செய்யும்போது துணி உள்வாங்கும். அதனால் வெளிப்பலகைகளை 19க்கு 17 ஆகத் தயார் செய்து, குயில்ட் முடிந்த பிறகு 17க்கு 15 ஆக வெட்டிக்கொள்ளுங்கள். முதலிலேயே சரியான அளவில் வெட்டினால் கடைசியில் ஒரு பலகை சின்னதாகும். 44 இன்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் முக்கால் மீட்டர் எடுத்தால் லைனிங் இரண்டும், 28க்கு 4 இன்ச் கைப்பிடி இரண்டும் அடங்கிவிடும்.

சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டும் முறையை முதல் பைக்கு எடுக்காதீர்கள். மூலைக்கு மூலை சேர வேண்டும் என்ற கவலையிலேயே பொறுமை போய்விடும். பட்டை முறை சுலபம், ஒட்டு வேலையும் குயில்ட் வேலையும் ஒரே தையலில் முடியும். 2½ இன்ச் அகலத்தில், 17 இன்ச் நீளத்தில் பட்டைகள் வெட்டுங்கள். ஒரு பலகைக்கு பத்து வேண்டும். வேட்டித் துணியை விரித்து, மேலே வாடிங் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டு நிறுத்துங்கள். குண்டூசியும் குத்தலாம், மிதிக்கும்போது தொடையில் குத்தினால் என்னைத் திட்டக்கூடாது. இப்போது முதல் பட்டையை நல்ல பக்கம் மேலே இருக்கும்படி நட்டநடுவில் வையுங்கள். இரண்டாவது பட்டையை அதன் மேல் கவிழ்த்து, ஒரு ஓரம் பொருந்தும்படி வைத்து, அந்த ஓரத்திலிருந்து கால் இன்ச் தள்ளி எல்லா அடுக்கும் சேர்ந்து விழும்படி நேராகத் தையுங்கள். பிறகு இரண்டாவது பட்டையைத் திருப்பி விரித்து, நகத்தால் தையல் மேல் ஒரு தடவை நீவிவிடுங்கள். அடுத்த பட்டையை முதல் பட்டையின் மறு பக்கத்தில் தையுங்கள். இப்படி இடம் வலம் என்று மாற்றி மாற்றி நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரத்துக்குப் போனால் ஒவ்வொரு தையலும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் அடித்துணி சுருக்கம் விழுந்து மடிந்து கிடக்கும்.

தையல் நீளத்தைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள், இன்ச்சுக்கு எட்டு தையல் போதும். பொடித் தையல் போட்டால் கனத்தில் சுருக்கும். பாதத்துக்கு மேலே மெஷின் தலையில் இருக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தினால் பாதத்தின் அழுத்தம் குறையும், மேல் துணி முன்னால் தள்ளிக்கொண்டு போவதும் குறையும். பட்டை முறை முடிந்த பிறகு இன்னும் கோடுகள் போட ஆசையாக இருந்தால் ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் ஒரு தையல் ஓட்டலாம். எல்லாக் கோட்டையும் மேலிருந்து கீழாகவே ஓட்டுவதா, ஒன்று மேலிருந்தும் அடுத்தது கீழிருந்தும் ஓட்டுவதா என்பதில் தைக்கிறவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சாதாரணப் பாதத்தில் ஒரே திசைதான் நன்றாக வருகிறது என்பது நான் பார்த்தது, மாற்றி ஓட்டினால் கோடுகளுக்கு நடுவே துணி சாய்வாக முறுக்கிக்கொள்கிறது. குயில்டிங்குக்கென்று மேலும் கீழும் சேர்ந்து நகர்த்தும் பாதம் தனியாக விற்கிறது. அது உங்கள் மெஷினின் கம்பி உயரத்துக்குப் பொருந்த வேண்டும், அதனால் உங்கள் பழைய பாதத்தைக் கழற்றிக் கையில் எடுத்துப் போய்க் காட்டாமல் வாங்காதீர்கள். இந்தப் பைக்கு அது இல்லாமலே முடியும்.

பலகைகளை வெட்டி அளவாக்கியதும், இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே வைத்து இரு பக்கமும் அடியும் தையுங்கள். தைத்த கையோடு ஒரு வேலை: தையலுக்கு வெளியே இருக்கும் அரை இன்ச்சில் வாடிங்கை மட்டும் தையலை ஒட்டிக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். பைக்கு ஒழுங்கான வடிவம் வருவதும், அடுத்த தையலில் ஊசி உடையாமல் இருப்பதும் இதில்தான். அப்புறம் அடி மூலையை முக்கோணமாகப் பிரித்து மடித்து, நுனியிலிருந்து 2 இன்ச் உள்ளே, குறுக்கே 4 இன்ச் வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தையுங்கள். அந்த நான்கு இன்ச்தான் பையின் அடி அகலம். லைனிங்கையும் இப்படியே தைத்து, அடித் தையலில் மட்டும் ஐந்து இன்ச் விட்டுவைக்க வேண்டும், பையைப் புரட்டி எடுப்பது அந்த வழியாகத்தான்.

பை எவ்வளவு அழகாக இருந்தாலும் பிய்ந்துபோவது கைப்பிடி சேரும் இடத்தில். 4 இன்ச் பட்டையை இரண்டு ஓரமும் நடுவுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் 1 இன்ச் அகலத்தில் நாலு மடிப்பு வரும், இரண்டு பக்கமும் மேல் தையல் போடுங்கள். அதற்குள் வாடிங் வைக்காதீர்கள். வெளிப்பையும் லைனிங்கும் நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேரும்படி ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, நடுவே கைப்பிடியைச் செருகும்போது ஒரு இன்ச் உள்ளே இறங்கட்டும். வாயைச் சுற்றித் தைக்கும்போது அந்த இடம் வந்ததும் காலை நிறுத்துங்கள். பாதம் மேட்டில் ஏறும்போது பின்பக்கம் காற்றில் நின்று சாயும், அங்கே தையல் குத்துகிற இடத்திலேயே குத்தி முடிச்சுப் போடும். அதே துணியில் ஒரு துண்டை நாலாக மடித்துப் பாதத்தின் பின்பக்கத்துக்கு அடியில் கொடுத்தால் பாதம் சமமாகிவிடும். சக்கரத்தைக் கையால் சுற்றி மேட்டைக் கடந்ததும் துண்டை உருவிவிடலாம். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். ஊசி வளைந்து தட்டில் மோதி முனை பறந்தால் கண்ணுக்கு ஆபத்து. புரட்டிய பிறகு லைனிங்கில் விட்டுவைத்த ஐந்து இன்ச்சைத் தைத்து மூடிவிடுங்கள். வாயைச் சுற்றி மேல் தையல் ஒன்று, கைப்பிடிகளின் அடியில் ஒரு சின்ன சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும். முதல் பையில் ஜிப் வேண்டாம், ஒரு காந்த பட்டன் போதும். அதை மட்டும் வாய் தைப்பதற்கு முன்பே லைனிங்கில் பொருத்திவிடுங்கள்.

மெஷின் ஒத்துழைக்கவே இல்லை என்றாலும் திட்டத்தைக் கைவிட வேண்டாம். கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி இனப் பெண்கள் பழைய புடவையின் மேல் துணித் துண்டுகளை வைத்து, ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து, முழுக்க முழுக்கக் கையாலேயே போர்வை தைக்கிறார்கள். பலகை இரண்டையும் அப்படிக் கையால் குயில்ட் செய்து, ஓரங்களை மட்டும் மெஷினில் சேர்க்கலாம். நாளாகும். ஆனால் நீங்கள் அவசரமில்லை என்றுதானே சொன்னீர்கள்.

எத்தனை நாளாகும் என்றால், தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தால் நிதானமாக ஒரு வாரம், பத்து நாள். பொங்கலுக்குத் தாராளமாக முடியும். மழை நாளில் துணி தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும், வெட்டுவதற்கு முன் நன்றாக இஸ்திரி போட்டுவிடுங்கள். பாதியில் நிறுத்தும்போது துணியை மெஷினிலேயே ஊசி குத்தியபடி விட்டுப் போகாதீர்கள், ஊசி துருப்பிடித்துப் புள்ளி விழும். பிளாஸ்டிக் கவரிலும் போட்டுக் கட்டாதீர்கள், பூசணம் பிடிக்கும். பழைய தலையணை உறை நல்லது. தைத்து முடித்த பையைத் துவைப்பதென்றால் பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல், தலைகீழாக நிழலில் மாட்டச் சொல்லுங்கள்.

ஆரம்பிக்கும் முன் மூன்று அடுக்கையும் சேர்த்து ஒரு சாண் அளவுக்கு சாம்பிள் தைத்து, மேல்பக்கம் அடிப்பக்கம் இரண்டையும் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தெரிந்தால் மேல் நூல் தளர்ச்சி, மேல்பக்கம் பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் இறுக்கம். எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.